கார் கழுவும் முன் தண்ணீரைப் பாருங்கள்

எந்த கார் ஷாம்பு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “உங்க வீட்ல என்ன தண்ணி வருது?” என்பதுதான். கோவையில் சிறுவாணித் தண்ணீரில் வண்டி கழுவிப் பழகியவன் நான். அங்கே அவசரத்தில் சரியாகத் துடைக்காமல் விட்டாலும் பானெட்டில் கறை தங்காது. சென்னையின் தெற்குப் புறநகருக்குக் குடிவந்த பிறகு அதே வண்டியை அதே ஷாம்பு போட்டு போர்வெல் தண்ணீரில் கழுவினேன். காய்ந்ததும் கருநீலப் பெயின்ட் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். மாறியது தண்ணீர் மட்டும்தான்.

வீட்டிலேயே காரைப் பராமரிக்க நினைப்பவர்கள் தண்ணீர், துணி, ஷாம்பு, பாதுகாப்புப் பூச்சு என்ற வரிசையில் கவனத்தையும் பணத்தையும் செலவிட வேண்டும் என்பது என் அனுபவம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை உயர்ந்த பாலிஷ் ஒன்றை வாங்கிவிட்டு, பழைய பனியன் துணியால் அதைத் தேய்க்கிறார்கள்.

காப்பாற்ற வேண்டியது எது?

காரின் இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, ப்ரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதும் கிளியர் கோட். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவில் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு முடியைவிட மெல்லிய அந்தப் படலத்தின் மேல்தான் நாம் துணியையும் தண்ணீரையும் ஓட்டுகிறோம்.

சாலைத் தூசியில் மண் மட்டும் இல்லை, குவார்ட்ஸ் மணல் துகள்களும் கலந்திருக்கின்றன. அவை சாதாரண இரும்பு ஆணியைவிடக் கடினமானவை. தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைத்தால் அந்தத் துகள்கள் துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கோடு போடும். இரவில் பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே வண்டியை நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால், அது பெரும்பாலும் துடைத்துத் துடைத்தே விழுந்தது. எனக்குத் தெரிந்த பெயின்டர் ஒருவர் சொல்வார்: “சார், கீறல் கிளியர் கோட்டோட நின்னா பாலிஷ்ல எடுத்துடலாம். அதையும் தாண்டிப் போச்சுன்னா பெயின்ட்தான் சார் அடிக்கணும்.”

தண்ணீர்

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. என் வீட்டு போர்வெல் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டுகிறது. அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும்தான் வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம். பானெட் சூட்டில் ஒரு துளி காய்வதைக் கூர்ந்து கவனித்தால் இது புரியும். துளி ஓரத்திலிருந்து சுருங்கும், உப்பு விளிம்பில் ஒதுங்கும், கடைசியில் ஒரு வெள்ளை வளையம் மட்டும் நிற்கும். அதை உடனே துடைத்தால் போய்விடும். வெயிலில் பல நாள் கிடந்தால் கிளியர் கோட்டிலேயே தடம் பதிந்துவிடும்.

ஆகவே காலை வெயில் ஏறுவதற்கு முன், நிழலில், பானெட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது கழுவ வேண்டும். வண்டி ஓட்டிவிட்டு வந்த உடனே கழுவக் கூடாது.

ஆர்ஓ கழிவு நீரைச் சேமித்துக் கார் கழுவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, வீட்டுக் குழாய்த் தண்ணீரைவிட அதன் டிடிஎஸ் அதிகம். அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு ஏசி தண்ணீர் அருமையானது. ஏசி குழாயிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. கோடையில் இரவு முழுக்க ஏசி ஓடும் வீட்டில் ஒரு வாளிக்குக் குறையாமல் சேரும். அதை மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். வெள்ளைப் புள்ளித் தொல்லை பெருமளவு அடங்கிவிட்டது.

ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து, ஒரு நிமிடம் போல ஒற்றிவைத்துத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நிழலில், குளிர்ந்த பெயின்ட்டில் மட்டும் செய்யுங்கள். இதற்கும் போகாதவை பதிந்துவிட்ட தடங்கள். அவற்றுக்குப் பாலிஷ்தான் வழி.

துணி

காட்டன் துணி, குறிப்பாகக் கடைகளில் தொங்கும் மஞ்சள் துணி, தூசியைத் தள்ளிக்கொண்டே போகும். மைக்ரோஃபைபர் துணி பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்து, நுண்ணிய இழைகளாகப் பிரித்து நெய்தது. தூசித் துகள் அந்த இழைகளுக்குள் ஏறிவிடுவதால் பெயின்ட்டில் உரசும் வாய்ப்பு குறைகிறது. வாங்கும்போது ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைப் பாருங்கள். பொதுவான வேலைக்கு 300 முதல் 400 போதும். ஈரம் துடைக்க 600க்கு மேல் உள்ள பெரிய டவல் நல்லது. ஓரத்தில் முரட்டுத் தையல் உள்ளதைத் தவிருங்கள், அந்தத் தையலே கீறும்.

வேலைக்கு ஒரு நிறம் என்று துணிகளைப் பிரித்துவிட்டால் குழப்பம் இல்லை. எங்கள் வீட்டில் நீலம் பாடிக்கு, சாம்பல் கண்ணாடிக்கு, சிவப்பு டயருக்கும் வீலுக்கும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி பெயின்ட்டில் வைக்கக் கூடாது. அது அன்றைக்கு டயர் துணி. துவைக்கும்போது மற்றத் துணிகளோடு போடாதீர்கள், காட்டன் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் ஊற்றினால் இழைகளில் பிசுபிசுப்பு படிந்து ஈரம் உறிஞ்சாது. கொஞ்சம் லிக்விட் சோப்பில் துவைத்து நிழலில் காயப்போட்டால் பல வருடம் வரும்.

ஷாம்பு

பாத்திரம் விளக்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்காகச் செய்தது. அது காரின் மேல் பூசிய வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். துணி துவைக்கும் தூள் காரத்தன்மை உள்ளது, சரியாகக் கரையாத தூள் உரசவும் செய்யும். கார் ஷாம்பு வாங்கும்போது பாட்டிலில் பிஎச் நியூட்ரல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் சாதாரண ஷாம்புகளுக்குள் நான் பெரிய வித்தியாசம் கண்டதில்லை. 3எம், மெகுவையர்ஸ், டர்டில் வாக்ஸ், சோனாக்ஸ், நம் நாட்டு வேவெக்ஸ் எல்லாமே எளிதாகக் கிடைக்கின்றன. இதில் மெகுவையர்ஸ் 2013 முதல் 3எம் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

பாட்டிலின் விலையைப் பார்ப்பதைவிட, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதைப் பாருங்கள். 1:500 என்று போட்டிருந்தால் 10 லிட்டர் வாளிக்கு 20 மில்லி. 500 ரூபாய்க்கு ஒரு லிட்டர் வாங்கினால் 50 முறை கழுவலாம், ஒரு தடவைக்கு 10 ரூபாய். அதே ஒரு லிட்டர் 250 ரூபாய்க்குக் கிடைக்கும் பாட்டிலில் ஒரு தடவைக்கு 100 மில்லி ஊற்ற வேண்டும் என்றால் அது இதைவிட இரண்டரை மடங்கு விலை. நுரை நிறைய வருவது சுத்தத்தின் அளவுகோல் இல்லை. வழவழப்பு இருக்கிறதா, கை தங்கு தடையில்லாமல் போகிறதா என்பதே ஷாம்புவின் தரம்.

கழுவும் முறை

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். இரண்டின் அடியிலும் பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு வைத்தால் மண் அதன் கீழே தங்கிவிடும்.

முதலில் வீல்களைத் தனித் துணியால் கழுவுங்கள், அங்கேதான் அழுக்கு அதிகம். பிறகு வண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஊறவைத்து ஓடவிடுங்கள். அதற்குப் பிறகுதான் ஷாம்புத் தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் கை உறை பெயின்ட்டைத் தொட வேண்டும். மேற்கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று மேலிருந்து கீழே வாருங்கள். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசி. நேர்கோட்டில், அழுத்தாமல் ஓட்டுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் கை உறையை வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். முடித்துவிட்டு அந்த அலசும் வாளியைச் சாய்த்து அடியில் தங்கியிருக்கும் மண்ணைப் பாருங்கள். ஒற்றை வாளியில் கழுவியிருந்தால் அத்தனையும் திரும்பப் பெயின்ட் மேல் ஏறியிருக்கும்.

துடைக்கும்போது டவலை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். கடைசியில் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, நான்கைந்து முறை பிரேக் பிடித்துக் காயவிடுங்கள். பிரேக் டிஸ்க்கில் ஈரம் நின்றால் மேலே துரு படியும்.

தண்ணீர்ப் பஞ்சத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டபோது சென்னையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்துக்கு அலசத் தேவையில்லாத ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ திரவங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள பாலிமர்கள் அழுக்கைச் சூழ்ந்துகொண்டு வழவழப்பைத் தரும். ஒரு வாளித் தண்ணீரில் முழு வண்டியையும் முடித்துவிடலாம். லேசான தூசிக்கு நன்றாக வேலை செய்யும். சேறு அப்பியிருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

எச்சம், பிசின், தார், குங்குமம்

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் சூடாகி இளகும்போது அது கிளியர் கோட்டைத் தின்னும். கண்டவுடன் எடுக்க வேண்டும், ஆனால் சுரண்டி எடுக்கக் கூடாது. நனைத்த டிஷ்யூவை அதன் மேல் போட்டுச் சில நிமிடம் ஊறவிட்டு, அப்படியே அள்ளி எடுங்கள். இதற்காகவே வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துணியும் வைத்திருக்கிறேன்.

வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களின் கீழே நிறுத்தினால் பிசுபிசுவென்று துளித் துளியாகப் படியும். புதிதாக இருக்கும்போது ஷாம்புத் தண்ணீரிலேயே போய்விடும். காய்ந்ததற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒற்றி எடுத்து, அந்த இடத்தை அலசிவிடுங்கள்.

தார்ப் புள்ளிகளுக்குப் பழைய டிரைவர்கள் மண்ணெண்ணெய் அல்லது டீசல் பயன்படுத்துவார்கள். தார் கரைவது உண்மை. கூடவே கண்ணாடி ஓர ரப்பர் பீடிங் ஊதிக் கெடும், எண்ணெய்ப் படலத்தில் தூசியும் ஒட்டும். தார் ரிமூவர் சிறிய பாட்டில் ஒன்று பல வருடங்களுக்கு வரும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வண்டிகளைப் பாருங்கள். பானெட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும், அதன் நடுவில் குங்குமம், மாலை கட்டிய நாரின் ஈரத்தடம். கடைக் குங்குமத்தில் பெரும்பாலும் சாயம் கலந்திருக்கிறது. வெள்ளை வண்டியில் அந்தச் சிவப்பு இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. நாங்கள் இப்போது பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டின் ஓரத்திலும் வைக்கிறோம். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், வைக்கும் இடத்தில் முதலில் வாக்ஸ் போட்டுவிடுங்கள். அடுத்த நாள் காலை நன்றாக நனைத்து, ஊறிய பிறகு துடைத்தால் பூஜையும் குறைவில்லாமல் நடக்கும், பெயின்ட்டும் கெடாது.

பாலிஷும் வாக்ஸும் வேறு வேறு

கடையில் எல்லாவற்றையும் பாலிஷ் என்றே சொல்லிக் கொடுப்பார்கள். பாலிஷும் ரப்பிங் காம்பவுண்டும் உரசும் பொருட்கள். கிளியர் கோட்டை நுண்ணளவில் தேய்த்து எடுத்துத்தான் கீறலை மறைக்கின்றன. வாக்ஸும் சீலன்ட்டும் மேலே படியும் பூச்சு, அவை எதையும் எடுப்பதில்லை. முதல் வகையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் மட்டும் செய்ய வேண்டும். இரண்டாவதைத் தாராளமாகத் திரும்பத் திரும்பப் பூசலாம்.

கார்னௌபா வாக்ஸ் என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. ஆழமான பளபளப்பு தரும். நம் ஊர் வெயிலில் வெளியே நிற்கும் வண்டியில் ஓரிரு மாதம் தாங்கினால் நல்லது. செயற்கை சீலன்ட் அதைவிடக் கூடுதல் காலம் நிற்கும், ஸ்பிரே வடிவில் வருவதைப் பூசுவதும் சுலபம். எனக்கு அதுதான் கட்டுப்படியாகிறது. தண்ணீர் ஊற்றும்போது முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது, அப்பிக்கொண்டு படர்ந்தால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

புது வண்டி எடுக்கும்போது டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்லி வற்புறுத்துவார்கள். தோசைத் தவாவில் அந்தப் பொருளைப் படிய வைக்க 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறார்கள். காரை அப்படிச் சூடாக்க முடியாது. இந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பாலிமர் சீலன்ட்தான், நீங்களே வீட்டில் பூசக்கூடியது. செராமிக் கோட்டிங் உண்மையிலேயே நீண்ட காலம் நிற்கும். ஆனால் விளம்பரத்தில் வரும் ‘9எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் தெறித்தாலும் சாவியால் கிழித்தாலும் அது தடுக்காது. உப்புத் தண்ணீர்ப் புள்ளிகள் அதன் மேலும் விழும். பூசுவதற்கு முன் பெயின்ட்டைச் சரிசெய்ய வேண்டும், பூசிய பின் ஈரம் படாமல் காக்க வேண்டும். இந்த வேலையைக் கைதேர்ந்தவர்களிடம் விடுவதே நல்லது.

உள்ளே

முதலில் வேக்கம், பிறகு துணி. டேஷ்போர்டுக்கு எண்ணெய்போல மின்னும் சிலிகான் பாலிஷ் வேண்டாம். அந்த மினுமினுப்பு முன் கண்ணாடியில் பிரதிபலித்து, எதிர் வெயிலில் சாலையை மறைக்கும். தண்ணீர் அடிப்படையிலான, மேட் ஃபினிஷ் தரும், புற ஊதாக் கதிர்த் தடுப்பு உள்ள பொருளே சரி. ஸ்டீயரிங்கிலும் பெடல்களிலும் எந்தப் பளபளப்புப் பொருளும் படக் கூடாது. வழுக்கினால் உயிருக்கே ஆபத்து. டயர் டிரெஸ்ஸிங்கும் அப்படித்தான், பக்கவாட்டில் மட்டும் தடவலாம், சாலையில் படும் பகுதியில் கூடாது.

கண்ணாடியின் உள்பக்கத்தைக் கிடைமட்டமாகவும் வெளிப்பக்கத்தைச் செங்குத்தாகவும் துடையுங்கள். கோடு விழுந்தால் எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். அமோனியா கலந்த கிளீனரைத் தொடுதிரையில் பயன்படுத்தாதீர்கள், லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலடி மேட்டை வாரம் ஒருமுறை தூக்கிக் காயவையுங்கள். பூஞ்சை வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. வாசனைப் பாட்டில் அதை மூடி மறைக்குமே தவிர, போக்காது.

எதை வாங்கலாம்?

தொடங்குபவர்களுக்கு என் பட்டியல் சிறியது: இரண்டு வாளி, சல்லடைத் தட்டுகள், ஒரு மைக்ரோஃபைபர் கை உறை, ஆறு சாதாரண மைக்ரோஃபைபர் துணிகள், ஒரு பெரிய உலர்த்தும் டவல், பிஎச் நியூட்ரல் ஷாம்பு, ஒரு ஸ்பிரே சீலன்ட், உட்புறத்துக்கு ஒரு கிளீனர். இவற்றைக் கையில் பழக்கிய பிறகு, தேவை தெரிந்தால் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். தினமும் காலையில் வண்டி துடைப்பவர் கையில் ஒரே வாளியும் ஒரே துணியும்தான் இருக்கும், விடிவதற்குள் வரிசையாகப் பல வண்டிகளை முடிக்க வேண்டியவர் அவர். நான் எங்கள் குடியிருப்பில் துடைக்கும் அண்ணனிடம் மூன்று மைக்ரோஃபைபர் துணிகளைக் கொடுத்து, “அண்ணே, நம்ம வண்டிக்கு இதை மட்டும் வச்சுக்கங்க. தூசி இருந்தா காஞ்ச துணியால தட்டாதீங்க, தண்ணி ஊத்திட்டுத் துடைங்க. நேரம் இல்லேன்னா அன்னைக்கு விட்டுடுங்க, சம்பளம் அதேதான்” என்றேன். “அதுவும் சரிதான் தம்பி” என்று வாங்கிக்கொண்டார். மாதத்தில் ஓரிரு முறை நாம் எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் மீதி நாட்களில் அந்தப் பெயின்ட் அவர் கையில்தான் இருக்கிறது. அவருக்கு நல்ல துணி வாங்கிக் கொடுப்பதைவிட லாபமான செலவு இந்தப் பட்டியலில் வேறு இல்லை.